சபையில் பொறுப்பு ஏற்குமுன்: உங்களைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

தம்பி, இதே நிலையில் இருக்கும் வேறு சிலரும் படிக்கக்கூடும் என்பதால், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்த நீங்கள் சில ஆண்டுகளாக ஒரு தமிழ்ச் சபையில் ஐக்கியமாக இருக்கிறீர்கள். ஆராதனையில் கிட்டார் வாசிக்கிறீர்கள், வேதபாடமும் எடுக்கிறீர்கள். வரும் ஜனவரி முதல் வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி போதகர் கேட்டிருக்கிறார். எந்தத் தலைமைத்துவப் பயிற்சியில் சேரலாம், குணத்தைச் சீர்படுத்துவது தேவனோடு தனித்திருந்து செய்துகொள்ள வேண்டிய காரியம்தானே, முழுத் தகுதி வந்த பிறகுதான் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்று மூன்று காரியங்களைக் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றில் நடுவிலுள்ளதுதான் முக்கியமானது. அதில்தான் உங்களோடு நான் உடன்படவில்லை. தனித்திருந்து ஜெபிப்பதும் வேதத்தைத் தியானிப்பதும் இல்லாமல் கிறிஸ்தவ குணம் உருவாகாது என்பது உண்மை. ஆனால் தனித்திருந்து மட்டும் அது உருவாவதில்லை. நம்மை அருகிலிருந்து பார்க்கிற, பார்த்ததை நம் முகத்துக்கு நேராகச் சொல்லும் உரிமையுள்ள சகோதரர்களின் நடுவில்தான் அது உருவாகிறது, அங்கேதான் சோதித்தும் அறியப்படுகிறது. எனவே, எந்த வகுப்பில் சேருவது என்பதைவிட, உங்களைக் கேள்வி கேட்கும் உரிமையை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

பயிற்சியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இந்த ஊரில் இறையியல் படிக்க நல்ல இடங்கள் உண்டு. 1948இல் தொடங்கிய டிரினிட்டி இறையியல் கல்லூரியும், 1952இல் தொடங்கிய சிங்கப்பூர் வேதாகமக் கல்லூரியும் பல தலைமுறைப் போதகர்களை உருவாக்கியிருக்கின்றன. இதில் டிரினிட்டியின் தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள். ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த பல சபைப் பிரிவுகளின் தலைவர்கள், வெளியே இருந்தவரையில் தனித்தனியாக ஊழியம் செய்துவந்தவர்கள், உள்ளே ஒரே பசியையும் ஒரே பயத்தையும் பகிர்ந்துகொண்ட காலத்தில்தான், எல்லாரும் சேர்ந்து நடத்தும் ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் முளைத்தது. அவர்களுடைய ஐக்கியம் முந்தியது, பாடத்திட்டம் பிந்தியது.

இப்போது வேதத்துக்கு வருவோம். 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் சபையை மேற்பார்க்கும் கண்காணிக்குச் சொல்லப்பட்ட தகுதிகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடிட்டுப் பாருங்கள். குற்றஞ்சாட்டப்படாதவன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், சண்டைபண்ணாதவன், பண ஆசையில்லாதவன், தன் சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவன் என்று பட்டியல் நீள்கிறது. அதில் திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: போதகசமர்த்தனாய், அதாவது போதிக்கத் தெரிந்தவனாய் இருப்பது. மற்ற யாவும் குணம். அதிலும் அவை யாவும் பிறர் கண்ணுக்குத் தெரிகிற குணங்கள். ஒருவன் உபசரிக்கிறவனா என்பதை அவன் வீட்டில் சாப்பிட்டவர்கள்தான் சொல்ல முடியும். சண்டைக்காரனா என்பதை அவனோடு கருத்து வேறுபட்டவர்கள்தான் சொல்ல முடியும். ‘நான் பண ஆசையில்லாதவன்’ என்று ஒருவனும் தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது.

பட்டியல் முடிகிற இடம் நம்மை இன்னும் சற்று நிறுத்த வேண்டும். சபைக்குப் புறம்பானவர்களிடத்திலும் அவன் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறார் பவுல். சிங்கப்பூரில் அந்தப் புறம்பானவர்கள் யார்? அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவர், உங்கள் வீட்டுச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும் புளோக்கின் அண்டைவீட்டார், வாடகைக்கு எடுத்த அறையின் சொந்தக்காரர், தேசிய சேவை செய்தவர்களானால் முகாமில் உடனிருந்த தோழர்கள். இவர்களில் ஒருவரிடம் போய், ‘இவரை ஒரு கூட்டத்துக்குத் தலைவராக்கப் போகிறார்கள்’ என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும்? தீமோத்தேயுவைப் பவுல் தெரிந்தெடுத்தது இந்த வழியில்தான். லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர் அவனைக்குறித்து நற்சாட்சி கொடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. அவனுடைய சொந்த ஊரார் மட்டுமல்ல, அடுத்த ஊராரும் சேர்ந்து சாட்சி சொன்னார்கள். அவன் எப்படிப் பேசினான், எப்படிப் பாடினான் என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

வரம் சீக்கிரம் வரும்; குணம் தாமதமாகத்தான் வரும். இந்த இடைவெளியில்தான் பல ஊழியங்கள் உடைகின்றன. கொரிந்து சபையைப் பாருங்கள். ஒரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல் எழுதுகிறார். அதே சபையில் கட்சிகள் இருந்தன; ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள்; திருவிருந்தின் நேரத்திலேயே ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் வெறித்திருந்தான். வரங்கள் பொய்யானவை என்று பவுல் சொல்லவில்லை. வரம் இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டதைத்தான் அவர் கண்டிக்கிறார்.

நம் காலத்து உதாரணத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்கு அது இன்னும் ஆறாத புண். சென்னையில் பிறந்து, விசுவாசத்துக்காக உலக மேடைகளில் வாதாடிய ரவி சகரியாஸின் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த வாலிபர்கள் இங்கேயும் ஏராளம். 2020இல் அவர் மறைந்தார். அவர் நிறுவிய அமைப்பே வெளியாட்களைக் கொண்டு விசாரணை நடத்தி, பல பெண்களிடம் அவர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற அறிக்கையை 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அந்தப் பெண்களில் ஒருவர் முன்பே குரல் எழுப்பியபோது, அவரை நம்பாமல் அவர்மேலேயே சந்தேகப்பட்டார்கள் என்பதுதான் இன்னும் கொடியது. பின்னர் அதற்காக அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவே வருத்தம் தெரிவித்தது. இவ்வளவு புகழும் இவ்வளவு பெரிய அமைப்பும் இருந்தும், அவருடைய பயணங்களைப்பற்றியும் கைப்பேசியைப்பற்றியும் பணத்தைப்பற்றியும் நேராகக் கேட்டு, பதில் வரும்வரை விடாமல் நிற்கும் நட்பு அவரைச் சுற்றி இல்லாமற்போயிற்று. பெரிய தலைவர்களுக்கு மட்டும் நேர்கிற ஆபத்து இது என்று நினைக்காதீர்கள். வாலிபர் ஐக்கியத்தில் இருபது பேருக்கு முன் நிற்பவருக்கும், தன்னைப்பற்றிய நல்ல பேச்சை மட்டுமே கேட்கும் பழக்கம் சில மாதங்களிலேயே வந்துவிடும்.

குணம் என்பதைச் சுபாவம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். சிலர் இயல்பிலேயே சாதுவானவர்கள், சிலர் படபடப்பானவர்கள். அது பிறப்போடு வந்தது. குணம் என்று நான் சொல்வது, யாரும் வற்புறுத்தாத சின்னக் காரியங்களில் நாம் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவுகள் சேர்ந்து, நாளடைவில் நமக்கு இயல்பாகிவிடுவதை. கொஞ்சத்தில் உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான் என்று ஆண்டவர் சொன்னது இதைத்தான். காய்ச்சல் இல்லாமலே எம்சி (மருத்துவ விடுப்பு) எடுப்பதா வேண்டாமா, அலுவலகக் கணக்கில் எழுதும் டாக்சிச் செலவு உண்மையிலேயே அலுவலக வேலைக்குத்தானா, தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்புவதாக அம்மாவிடம் சொன்ன தொகையை அனுப்பினோமா, இரவு கதவைச் சாத்திக்கொண்ட பிறகு கைப்பேசியில் என்ன பார்க்கிறோம் என்பவையெல்லாம் அந்தக் கொஞ்சத்தில் அடங்கும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். இதைப்பற்றி நம் சபைகளில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமை இரவு ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது. இருபது ஜோடிச் செருப்பு வாசலில் கிடக்கிறது. பாட்டு, சாட்சி, வேதபாடம், ஜெபம் எல்லாம் முடிந்து, வடையும் சேமியாவும் தேநீரும் பரிமாறி, பேச்சு பதினொரு மணிவரை போகிறது. அந்த நேரம் முழுவதும் சமையலறையில் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறார். காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பியவர் அவர். கடைசித் தட்டைக் கழுவி, தரையைத் துடைத்த பிறகுதான் அவர் படுக்க முடியும். இல்லப் பணிப்பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அந்த நாளில் வேலை செய்ய அவர் சம்மதித்தால் அதற்கு ஈடான ஊதியம் என்பது 2013 முதல் இந்த நாட்டின் விதி; 2023 முதல், மாதத்தில் ஓர் ஓய்வு நாளையாவது ஊதியத்தால் ஈடுகட்ட முடியாது. ஆனால் விதிக்கு மேலே ஒரு கேள்வி இருக்கிறது: பாதங்களைக் கழுவின ஆண்டவரைப்பற்றி முன்னறையில் வேதபாடம் எடுத்தவர், கூட்டம் முடிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாரா? ஒரு சபையில் யாரைத் தலைவராக்கலாம் என்று என்னைக் கேட்டால், மேடையைப் பார்க்கச் சொல்ல மாட்டேன்; பத்தே முக்கால் மணிக்குச் சமையலறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன்.

அடுத்து ஐக்கியத்தைப்பற்றி. இயேசு பன்னிருவரை ஏற்படுத்தினதைச் சொல்லும் மாற்கு 3:14, அவர்கள் தம்மோடுகூட இருக்க வேண்டும் என்பதை முதலிலும், பிரசங்கிக்க அனுப்புவதை அதன் பின்னும் வைக்கிறது. மூன்று ஆண்டுக் காலம் ஒன்றாக நடந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, தங்களில் யார் பெரியவன் என்று வழியில் வாக்குவாதம் பண்ணி, அதற்காகக் கடிந்துகொள்ளப்பட்ட கூட்டம் அது. பவுலுக்கும் அப்படித்தான். தமஸ்கு வழியில் நேரடியாக அழைக்கப்பட்டவர் அவர், தனியாகவே நின்றிருக்கலாம். ஆனால் எருசலேமில் எல்லாரும் அவருக்குப் பயந்தபோது கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் பர்னபா. பிறகு தர்சுவரை போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்து, ஒரு வருஷம் முழுவதும் கூடவே உபதேசம் பண்ணினவரும் பர்னபாதான். அந்த அந்தியோகியா சபையின் தலைவர்களை அப்போஸ்தலர் 13இல் வாசித்துப் பாருங்கள்: சீப்புருவைச் சேர்ந்த லேவியனாகிய பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுடனே வளர்க்கப்பட்ட மனாயீன், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுல். ஊரும் வளர்ப்பும் வேறுவேறான ஐவர் ஒன்றாக உபவாசித்த இடத்திலிருந்துதான் பவுல் அனுப்பப்பட்டார். அதே அந்தியோகியாவில்தான், பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். சபையின் தூணாக எண்ணப்பட்டவரையும் சாப்பாட்டு மேசை விஷயத்தில் கேள்வி கேட்க முடிந்தது. அப்படிக் கேட்டதால் ஐக்கியம் அழிந்துபோகவில்லை.

ஐக்கியம் எப்படிக் குணத்தை உருவாக்குகிறது என்பதற்கு மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்களைவிடத் தெளிவான சான்றை நான் அறியவில்லை. 1742இல் பிரிஸ்டல் நகரத்தில், கூட்டம் நடத்தும் கட்டடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, ஏழைகளால் முடியாதே என்று வேறொருவர் தடை சொன்னார். முதலில் பேசியவர், ‘அப்படியானால் மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்காக நான் கொடுக்கிறேன்’ என்றார். இப்படியே மற்றவர்களும் ஆளுக்குச் சிலரைப் பொறுப்பேற்று, வாரந்தோறும் வீடு வீடாகப் போனார்கள். பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்டார்கள். ஒரு வீட்டில் குடி இருந்தது, இன்னொரு வீட்டில் கணவன் மனைவியோடு சண்டைபோட்டுக்கொண்டிருந்தான். இதைக் கேட்ட வெஸ்லி, தாம் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று கண்டுகொண்டார். அடுத்த ஆண்டு எழுதப்பட்ட பொது விதிகளில், தன் வகுப்பிலுள்ள ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறையாவது கண்டு, அவருடைய ஆத்துமா எப்படிச் செழிக்கிறது என்று விசாரிப்பது வகுப்புத் தலைவரின் கடமை என்று எழுதிவைத்தார்கள். அந்தத் தலைவர்களில் பெரும்பாலோர் சாதாரண உழைப்பாளிகள். பெண்களும் அவர்களில் பலர். அவர்கள் யாரும் கல்லூரிக்குப் போய் அந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள் அல்லர்.

அந்த மரபு நமக்கு அந்நியமானதல்ல. 1885இல் மெதடிஸ்டு ஊழியத்தைச் சிங்கப்பூரில் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். அந்த ஊழியத்தின் தொடக்கக் காலத்திலேயே ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழர்களுக்கான வேலை வேரூன்றிவிட்டது. இப்போது நம் சபைகளில் வகுப்புக் கூட்டத்தின் இடத்தில் கேர் குரூப் இருக்கிறது, வீட்டு ஜெபக்குழு இருக்கிறது. அங்கே ஜெபக் குறிப்பு கேட்டால் என்ன வருகிறது? நிரந்தரவாச விண்ணப்பம், பிள்ளையின் பிஎஸ்எல்இ தேர்வு, அப்பாவின் முட்டிவலி, வேலை மாற்றம். இவற்றுக்காக ஜெபிக்கத்தான் வேண்டும். மனிதருடைய பாரம் அதுதான். ஆனால் ஆண்டுக்கணக்காக இவற்றை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும் குழுவில், ஒருவர் மனைவியிடம் கோபத்தில் கை ஓங்குகிறார் என்பதோ, இன்னொருவர் கடன் வாங்கிச் சூதாடுகிறார் என்பதோ, எல்லாம் முற்றிய பிறகுதான் தெரியவரும். எத்தனை முறை கூடினாலும் ஒருவருடைய ஆத்துமாவைப்பற்றி ஒருவர் விசாரிக்காத வரையில், அது நல்ல மனிதர்கள் சேர்ந்து சாப்பிடும் இடமாக மட்டுமே இருக்கும்.

எனவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. உங்களைவிட மூத்தவர் ஒருவர், உங்கள் வயதுடையவர் ஒருவர் என்று இரண்டு சகோதரர்களைத் தேடிக்கொள்ளுங்கள். சகோதரிகளானால் இரண்டு சகோதரிகளை. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை காலையில் ஒரு காப்பிக்கடையில் உட்காருங்கள். இரைச்சலான இடம் பரவாயில்லை, யாரும் கவனிக்க மாட்டார்கள். பேச்சு சுற்றி வளைத்துப் போகாமல் இருக்க, கேள்விகளை முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டு வாரத்தில் யாரிடமாவது பொய் சொன்னேனா? பணம் எங்கே போனது? கைப்பேசியில் மறைக்க வேண்டியது ஏதாவது உண்டா? யாரை மன்னிக்காமல் இருக்கிறேன்? வீட்டாரோடு கடைசியாக நிதானமாக எப்போது பேசினேன்? நீங்கள் பதில் சொன்ன பிறகு அவர்கள் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி, இதுவரை சொன்னதில் ஏதாவது பொய்யா என்பது. இப்படிச் சொல்லப்பட்டது அந்த மேசையை விட்டு வெளியே போகக்கூடாது. ஒருவருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றாலோ, சட்டப்படி குற்றம் என்றாலோ மட்டும் இந்த இரகசியம் செல்லாது. அப்போது உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இது நம்மவர்களுக்கு எளிதல்ல என்பதை நான் அறிவேன். வயதில் மூத்தவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அதற்கு மேல், போதகரைக் கேள்வி கேட்பது கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்பட்டவர்மேல் கை போடுவது என்று ஒரு வசனத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற வழக்கமும் உண்டு. அந்த வார்த்தை எந்தச் சூழலில் வருகிறது என்று வாசித்துப் பாருங்கள். தன்னைத் துரத்திய சவுல் ராஜாவைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் கொல்லாத தாவீது சொன்னது அது; கொலை செய்ய மறுத்ததைத்தான் அது குறிக்கிறது. பின்னாளில் அதே தாவீது அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்து உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டபோது, தீர்க்கதரிசியாகிய நாத்தான் நேரே அரண்மனைக்குப் போய், ‘நீயே அந்த மனுஷன்’ என்றான். தாவீது அவனைச் சிறையில் போடவில்லை. தான் பாவம் செய்ததாக ஒத்துக்கொண்டான். அந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துத்தான் நாம் போதிக்க வேண்டும். மரியாதைக்கு வழியும் வேதத்திலேயே இருக்கிறது. முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போலப் புத்திசொல்லச் சொல்லும் அதே 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம், மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்கவும், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும் சொல்கிறது. ‘அங்கிள், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று கேட்கலாமா’ என்று தொடங்கிக்கூட மிகக் கடினமான கேள்வியைக் கேட்டுவிட முடியும்.

நேரில் கேட்கும் பழக்கம் இல்லாத சபையில் பின்னால் பேசும் பழக்கம் கட்டாயம் இருக்கும். ஜெர்மனியில் நாசிகளின் ஆட்சிக் காலத்தில், 1935 முதல் 1937இல் இரகசியக் காவல்துறை மூடும்வரை, ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் டீட்ரிக் போன்ஹோஃபர் வாலிப போதகர்களுக்கு ஒரு பயிற்சி இல்லம் நடத்தினார். அங்கே ஒரு சகோதரரைப்பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று விதி இருந்தது. உங்கள் வாலிபர் ஐக்கியத்தில் வேறு எந்த விதியும் வைக்காவிட்டாலும் இந்த ஒன்றை வையுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

ஐக்கியம் என்றால் நமக்குப் பிடித்தவர்களின் கூட்டம் என்று ஆகிவிடக்கூடாது. சிங்கப்பூர்த் தமிழ்ச் சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர், ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் தடுமாறும் பிள்ளைகள், உங்களைப்போல எம்பிளாய்மெண்ட் பாஸில் வந்தவர்கள், ஞாயிறு ஒருநாள் மட்டும் தங்குவிடுதியிலிருந்து லாரியிலும் பேருந்திலும் வரும் கட்டுமானத் தொழிலாளர்கள். ஆராதனையில் எல்லாரும் ஒன்றாகத்தான் பாடுகிறோம். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே கோடு தெரியும். எருசலேம் சபையிலும் இதுவே நடந்தது. தங்கள் விதவைகள் அன்றாட விசாரிப்பில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்று கிரேக்கு பேசும் யூதர் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அதை ஒதுக்கிவிடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் விடப்பட்டார்களோ, அவர்கள் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்களைச் சபை தெரிந்தெடுத்தது என்றே அதை வாசிக்கத் தோன்றுகிறது.

2019இல் திருத்தப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சமய அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் போன்ற பதவிகளில் சிங்கப்பூர்க் குடிமக்களோ நிரந்தரவாசிகளோதான் இருக்க முடியும். அது சட்டம், அதற்குக் கீழ்ப்படிகிறோம். ஆனால் ஜெபக்குழு நடத்தவும், வேதபாடம் எடுக்கவும், மருத்துவமனையில் கிடக்கும் சகோதரனைப் போய்ப் பார்க்கவும் எந்தப் பதவியும் தேவையில்லை. தங்குவிடுதியில் ஒரே அறையில் பலரோடு படுத்து எழுந்து, சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பி, அதற்கு நடுவிலும் அறைத்தோழர்களின் மதிப்பைச் சம்பாதித்திருக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். மறைப்பதற்கு இடமே இல்லாத அந்த வாழ்க்கையில் பெற்ற நற்சாட்சி, நம்முடைய சாட்சியைவிடக் கனமானது. வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பாளராக நீங்கள் அவர்களுக்குச் செய்யும் உதவி மட்டும் போதாது. அவர்களில் ஒருவர் உங்களுக்குப் புத்திசொல்லும் இடத்தில் இருக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசியதும் இதைத்தான். மிஷனெரிகள் இந்தியருக்காகப் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள் என்று நன்றியோடு ஒத்துக்கொண்ட அவர், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அந்தச் சபையின் நடுவில் கேட்டார். அந்தப் பேச்சு அங்கிருந்த பலருக்குக் கசந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று, மொழியும் சாதியும் வேறான தோர்ணக்கல் பகுதியின் ஏழை மக்களோடு தம் வாழ்நாளைக் கழித்தார். வெள்ளையரிடம் அவர் கேட்ட அதே நட்பை இன்று நம்மிடம் கேட்பவர்கள், ஞாயிறு மதியம் சபை வளாகத்தில் ஓரமாக நின்று சோற்றுப் பொட்டலம் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம்.

பணத்தைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட சகோதரரைப் பவுல் உடன் அழைத்துச் சென்றார். கர்த்தருக்கு முன்பாகமட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய விரும்பினதாக 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொல்கிறார். சிங்கப்பூரில் ஒரு பெரிய சபையின் தலைவர்களும் பொறுப்பாளர்களுமாக ஆறு பேர், சபைப் பணத்தைக் கையாண்ட விதத்துக்காக 2015இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டதை நாம் எல்லாரும் அறிவோம். அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை, பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்கிறது. அதை நம்பிக்கையின்மையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சகோதரனைச் சோதனையிலிருந்து காக்கும் வேலி அது. உங்கள் ஐக்கியத்தில் முகாமுக்காக முப்பது வெள்ளி வசூலித்தாலும், ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்திட்ட சீட்டோடு சபை அலுவலகத்தில் கொடுங்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. முழுத் தகுதி வந்த பிறகுதான் ஏற்பேன் என்றால் யாரும் எப்போதும் ஏற்க முடியாது. அதே வேளையில், நூதன சீஷனை (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனை) நியமிக்காதே என்றும், ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே (அவசரப்பட்டுப் பொறுப்பில் அமர்த்தாதே) என்றும், முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றும் ஒரே நிருபம் மூன்று இடத்தில் சொல்வதையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆகையால் போதகரிடம் ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லாமல், சில காரியங்களைக் கேளுங்கள். முதல் ஓராண்டு, இப்போது பொறுப்பிலிருப்பவருக்கு உதவியாளராக இருக்கலாமா? அதன்பின் பொறுப்பேற்றால் எத்தனை ஆண்டுகள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளலாமா? அந்தக் காலத்தில் என்னை மாதம் ஒருமுறை உட்காரவைத்துக் கேள்வி கேட்கப்போகிறவர் யார்? ஆள் இல்லை, நீங்கள்தான் உடனே ஏற்க வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஆள் தட்டுப்பாடு ஒரு சபையின் உண்மையான பாரம்தான், ஆனால் அந்தப் பாரத்தைச் சோதிக்கப்படாத தோள்மேல் ஏற்றினால் அடிபடுவது நீங்கள் மட்டுமல்ல, உங்களை நம்பிவரும் பதினேழு வயதுப் பிள்ளைகளும்தான்.

போதகரிடம் பேசுவதற்கு முன் ஊருக்கு ஒரு போன் செய்யுங்கள். தன் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்ற கேள்வி மணமாகாதவர்களுக்கும் உரியதே. உங்கள் அம்மாவிடமும், கூடப் பிறந்தவர்களிடமும், உங்களோடு அறையில் தங்கியிருப்பவரிடமும் இந்தப் பொறுப்பைப்பற்றிச் சொல்லி, என்னிடத்தில் மாற வேண்டியது எது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்டு, எழுதிக்கொண்டு, அந்தத் தாளைச் சனிக்கிழமை உங்கள் இரண்டு சகோதரர்களிடம் காட்டுங்கள். அதன் பிறகு எந்த வகுப்பில் சேரலாம் என்று மறுபடியும் எனக்கு எழுதுங்கள். உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்றதைச் சேர்ந்தே பார்த்துச் சொல்கிறேன்.